பெரிய மனசெல்லாம் இல்லைங்க

போன வாரம் என் மகள் எங்கள் வீட்டுப் பூனையின் படத்தைப் போட்டு, "ஆறு வயசு, வாயில ஒரு பல் கிடையாது, ஆஸ்துமா, யாரையும் கிட்ட சேர்க்காது, எங்க செல்லாயி" என்று எழுதியிருந்தாள். வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே வாசகம்: "அப்பாவுக்குப் பெரிய மனசு." சேலம் செவ்வாய்ப்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "புண்ணியம் சேரும்ங்க" என்றார். கூச்சமாக இருந்தது. கூடவே கொஞ்சம் எரிச்சலும். ஏன் எரிச்சல் என்று எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் போகும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகளுக்காக ஒரு குட்டி வாங்கி வந்தோம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தத்துக்குக் கொடுத்தது. "நல்ல ஆரோக்கியம், ஊசியெல்லாம் போட்டாச்சு" என்றார். சீட்டு கேட்டதற்கு, "வீட்ல இருக்கு, அனுப்பறேன்" என்றார். சீட்டு வரவே இல்லை. ஒன்பதாம் நாள் குட்டி போய்விட்டது. வாந்தி, பேதி. கடைசி நாள் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரு சொட்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தது. பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் என்றார் டாக்டர். நாய்க்கு வரும் பார்வோவுக்குப் பங்காளி முறை. குட்டிகளை நாலைந்து நாளில் முடித்துவிடும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருஷம் வரை கிடக்குமாம், சாதாரண சோப்புக்கு மசியாதாம், பிளீச்சிங்தான் கேட்குமாம். ஃபினாயில் போடலாமா என்று கேட்டேன். "அது பூனைக்கு விஷம்" என்றார். "ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டுக்குக் குட்டி கொண்டு வராதீங்க. வேணும்னா ஊசி முழுசாப் போட்ட பெரிய பூனையாப் பாருங்க."

செல்லாயி எங்கள் வீட்டுக்கு வந்த காரணம் இதுதான். இதில் மனசு எங்கே வந்தது?

கன்னங்குறிச்சியைத் தாண்டி, மலை அடிவாரத்தில் ஓர் அக்கா தன் வீட்டின் பின்பக்கம் முழுக்க வலை அடித்து முப்பது பூனை வைத்திருக்கிறார். நாங்கள் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கொஞ்சற பூனை வேணுமா, பூனை வேணுமா?" மகள் விழித்தாள். அவர் ஓர் இரும்பு ராக்கின் கீழே டார்ச் அடித்துக் காட்டினார். வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று முக்கலரில் ஒரு முதுகு தெரிந்தது. முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பூனையைக் காட்டுவதற்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டார். உள்ளே ஊசிச் சீட்டு, கருத்தடை செய்த தேதி, ஈறெல்லாம் வெந்து புண்ணாகி இரண்டு தவணையாகப் பல் முழுவதையும் எடுத்த விவரம், நெஞ்சு எக்ஸ்-ரே. படத்தில் மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்து வளையம் வளையமாகத் தெரிந்தது. அப்புறம் போனில் ஒரு வீடியோ காட்டினார்.

அந்த வீடியோவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பூனை தரையோடு தரையாக ஒட்டி, முழங்கைகளை வெளியே தள்ளி, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு இருமுகிறது. பார்க்கிறவர்கள் முடி உருண்டையைக் கக்கப் போகிறது என்று நினைப்பார்கள். கக்காது, ஒன்றும் வெளியே வராது. என் வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. என் அப்பா நாற்பது வருஷம் கொலுசுப் பட்டறையில் நெருப்பையும் ஆசிட் புகையையும் சுவாசித்தவர். ராத்திரி இழுப்பு வந்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, கழுத்தை இப்படித்தான் நீட்டிக்கொண்டிருப்பார். இன்ஹேலர் மருந்தை உள்ளே அடித்து மூச்சோடு இழுக்கிற அவருடைய ஸ்பேசர் குழாய் அவர் போன பிறகும் பீரோவில் இருந்தது, தூக்கிப் போட மனம் வரவில்லை. இன்ஹேலர் எப்படி அடிப்பது, எத்தனை மூச்சு எண்ணுவது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அத்துப்படி. தெரிந்த நோய், அவ்வளவுதான். சர்க்கரையோ கிட்னியோ உள்ள பூனையைக் காட்டியிருந்தால் நான் பயந்து திரும்பியிருப்பேன். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஃபைலில் ஒரு நோயை மறைத்திருந்தாலும் நான் கூட்டி வந்திருக்க மாட்டேன். தத்து கொடுக்கிற பலர், நோயைச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று பயப்படுகிறார்கள். எடுக்க மாட்டார்கள்தான். எடுக்கக் கூடாதவர்கள் எடுக்காமல் போவது நல்லதுதானே? தெரியாமல் கூட்டிப் போகிறவர் முதல் மருந்துச் சீட்டைப் பார்த்ததும் ஒரு சாக்குப் பையில் போட்டு மூக்கனேரிப் பக்கம் விட்டுவிட்டு வருவார். விட்டுவிட்டு வந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னவரை எனக்குத் தெரியும்.

சரி, வீட்டுக்கு வந்த கதை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி. கூடையைத் திறந்ததும் அங்கே போனவள் 23 நாள் அங்கேயேதான். நாங்கள் தூங்கிய பிறகு வந்து சாப்பிடுவாள், மண் தட்டில் போவாள், திரும்பிவிடுவாள். மகள் முதல் வாரம் அழுதாள். என் அம்மா, "காசு குடுத்து எலியைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார். செல்லாயி என்று பெயர் வைத்ததும் அம்மாதான். அக்கா வைத்திருந்த இங்கிலீஷ் பெயர் அவர் வாயில் நுழையவில்லை.

அக்காவிடம் இருந்தவரை ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரைதான். முப்பது பூனை இருக்கும் இடத்தில் ஒன்றுக்கு மட்டும் உட்கார்ந்து மாஸ்க் பழக்க யாருக்கு நேரம்? ஆனால் மாத்திரையை வருஷக்கணக்கில் கொடுத்தால் பூனைக்குச் சர்க்கரை வந்துவிடலாம். மூச்சோடு இழுக்கும் மருந்து பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுவிடும். அப்பா அடித்த அதே மருந்துதான், குழந்தைகளுக்கான ஸ்பேசரில் சின்ன மாஸ்க் மாட்டி அடிக்க வேண்டும். கண்ணிலேயே படாத பூனைக்கு எப்படி அடிப்பது?

முதல் நாலு நாள் மாஸ்க்கைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா வைத்தேன். அடுத்து அதன் உள் ஓரத்தில் மேட்டூர் மீனை வேகவைத்து மசித்துத் துளி தடவினேன். நக்கினாள். பிறகு அவள் நக்கும்போது நான் பிடித்துக்கொண்டேன், ஒரு நொடி, இரண்டு நொடி. இன்ஹேலரை அழுத்தினால் வரும் 'புஸ்' சத்தம்தான் பெரிய தடை. பூனை பாஷையில் அது சண்டைக்குக் கூப்பிடுவது. முதல் தடவை பரணுக்கே ஏறிவிட்டாள். அப்புறம் மகள் கண்டுபிடித்தாள்: சமையலறையில் நின்று ஸ்பேசருக்குள் மருந்தை அடித்துவிட்டு உடனே கொண்டு வந்து முகத்தில் வைத்தால் போதும், மருந்து குழாய்க்குள் சில நொடி நிற்கும். மூச்சு விடும்போதெல்லாம் வால்வு நாக்கு ஆடும். பத்து ஆட்டம் எண்ணிவிட்டு எடுத்துவிடுவேன். இதற்கு வந்து சேர இரண்டரை மாதம் ஆனது. இப்போது காலை 7, மாலை 7. மாஸ்க்குக்கு முகத்தைக் கொடுப்பாள், என் கைக்குக் கொடுக்க மாட்டாள். பத்தாவது மூச்சு முடிந்ததும் பின்னாலேயே நகர்ந்து போய்விடுவாள்.

மருந்து பாதிதான். மீதிப் பாதி வீட்டுக் காற்று. கொசுவத்திச் சுருள் நின்றது, கொசுவலை வந்தது. பட்டறைச் சட்டையை வாசலிலேயே கழற்றிவிடுகிறேன். தாளிக்கும்போது சமையலறைக் கதவு சாத்தியாக வேண்டும். இதெல்லாம் சுலபம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி சுலபமில்லை. "சாமிக்குப் போடற புகையை ஒரு பூனைக்காக நிறுத்தறதா, ஏண்டா கண்ணு?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை அம்மா மட்டும் வீட்டில் இருந்தபோது செல்லாயிக்கு இழுப்பு வந்திருக்கிறது. நாங்கள் வந்தபோது ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது, தூபக்கால் கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது, "உங்கப்பனுக்கும் நான் போட்டுட்டுத்தானே இருந்தேன்" என்றார். அதற்குப் பிறகு உள்ளே நல்லெண்ணெய் விளக்கு மட்டும்தான்.

அறிவுரைக்கும் குறைவில்லை. ஏற்காடு போய்வந்த மாமா ஒரு பாட்டில் நீலகிரித் தைலம் வாங்கி வந்து, மூக்குப் பக்கம் தடவச் சொன்னார். பக்கத்து வீட்டில் பாதி பாராசிட்டமால் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டும் பூனைக்கு விஷம். பாராசிட்டமாலை முறிக்கிற சக்தி அதன் ஈரலில் நமக்கு இருப்பதுபோல இல்லை, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். பால்சோறு போதும் என்பார்கள். போதாது. டாரின் என்று ஒரு சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது, அது குறைந்தால் கண் போகும், இதயம் கெடும். பல் இல்லாதவள் என்பதால் எல்லாமே மசித்துத்தான்.

செலவைக் கேட்பவர்களுக்கு: இன்ஹேலர் மாதத்துக்கு 200 ரூபாய் சொச்சம். என் டீ செலவு அதற்கு மேல். உண்மையான செலவு அந்த இரண்டு ஏழு மணிகள். ராசிபுரத்தில் மச்சினன் கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டுக்காரி போனாள், முகூர்த்தத்துக்கு நான் போனேன். குடும்பமாக வெளியூரில் ராத் தங்கி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ஏற்காடு இருபது கொண்டை ஊசி ஏறி இறங்குகிற தூரம்தான், ஆனாலும் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறோம். இரக்கப்பட்டு எடுத்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இரக்கம் முதல் மாதம் பொங்கும். நூற்றுப் பத்தாம் நாள், மழையில் நனைந்து வந்து, ஏழு மணிக்கு ஸ்பேசரைக் கழுவும்போது அந்த இரக்கம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பல் துலக்குவது போலப் பழகிவிட்டால் இரக்கமே தேவைப்படாது. அதனால்தான் 'பெரிய மனசு' என்றால் எரிகிறது. அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, தனக்கு அவ்வளவு மனசு இல்லை என்று ஒதுங்கிவிடுகிறவர்களில் எத்தனையோ பேர் கடிகாரம் பார்த்து வாழ்கிறவர்கள். அவர்கள்தான் இந்தப் பூனைகளுக்கு வேண்டும்.

அப்புறம் செல்லாயியின் கூச்சம். வருகிற சொந்தக்காரர்கள், "எங்க அந்தப் பூனை, கூப்பிடு பாக்கலாம்" என்கிறார்கள். பொருட்காட்சியா வைத்திருக்கிறோம்? முதல் ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வேட்டுச் சத்தத்துக்கு இரண்டு நாள் பரணில் இருந்தாள், மாஸ்க்கை நான் ஏணி போட்டு ஏறிப் போய்க் கொடுத்தேன். கூச்சத்தை 'சரி செய்ய' நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. தொடுவதில்லை, துரத்துவதில்லை. எதிரே தரையில் உட்கார்ந்தால் கண்ணை மெதுவாக மூடித் திறப்பேன். 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் இதைப் பரிசோதித்திருக்கிறார்கள், அப்படிச் சிமிட்டுகிறவரிடம் பூனை நெருங்கி வருவது கூடுகிறதாம். செல்லாயி திருப்பிச் சிமிட்டுகிறாள், நெருங்கி வருவதில்லை. முன்பு எனக்கும் அவளுக்கும் நடுவே ஆறு டைல்ஸ் இருந்தது, இப்போது இரண்டு.

தூக்க முடியாத பூனையை எடை போடுவது தனிக் கலை. பட்டறையில் ஓரம் கட்டிய எலக்ட்ரானிக் தராசை அவள் தூங்கும் கூடைக்கு அடியில் நிரந்தரமாக வைத்துவிட்டேன், கூடை எடையைக் கழித்துப் பூஜ்யம் ஆக்கி. ஞாயிற்றுக்கிழமை தூங்கும்போது பார்த்துக்கொள்வது. இந்த வாரம் 3 கிலோ 140 கிராம். அப்படியே ஒரு நிமிஷம் விலா ஏறி இறங்குவதையும் எண்ணுவோம். முப்பதுக்குள் இருந்தால் நிம்மதி. மகள் அதைக் கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதி ஃபைலில் செருகுகிறாள். அதே பிளாஸ்டிக் ஃபைல், இப்போது மூட முடியாத அளவுக்குத் தடித்துவிட்டது.

அந்த அக்காவிடம் இன்னும் இரண்டு ஆண் பூனைகள் இருக்கின்றன, எஃப்.ஐ.வி. உள்ளவை, அதாவது பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற வைரஸ். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது மனிதருக்குத் தொற்றாது, கடித்தால் பூனைக்குப் பூனைதான் பரவும். வேறு பூனை இல்லாத, வெளியே விடாத வீடு வேண்டும். அதில் ஒன்று கொஞ்சம் கொஞ்சுமாம், இன்னொன்றின் முகத்தை நானும் பார்த்ததில்லை. கேட்க வேண்டியது இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள். ஏழு மணிக்கு மட்டும் பதில் வராது.