நம் மாந்தோப்பு எந்தக் கணக்கில் வருகிறது?

2025 மாங்காய் சீசனை எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காய் கிலோ நாலைந்து ரூபாய்க்கு இறங்கிவிட்டது. பறிகூலியும் வண்டி வாடகையும் கொடுத்தால் கையில் எதுவும் நிற்காது என்று காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் சித்தப்பா பாதித் தோப்பைப் பறிக்காமலே விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில் அவரிடம் ஒரு செய்தியைப் படித்துக் காட்டினேன். இந்தியாவின் உயிரிப் பொருளாதாரம் 2014-ல் சுமார் 1,000 கோடி டாலர், 2024-ல் 16,500 கோடி டாலருக்கு மேல், 2030-க்கு இலக்கு 30,000 கோடி டாலர். "அப்படின்னா என்னப்பா?" என்றார். பெட்ரோல், நிலக்கரியை நம்பாமல் செடி, மரம், கால்நடை, நுண்ணுயிர் இவற்றிலிருந்து உணவு, மருந்து, எரிபொருள், துணி என்று உருவாக்குவது என்றேன். "அப்போ நம்ம தோப்பும் அதுல வருதா?"

வரவில்லை. அவருக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது. நம் நாட்டுக் கணக்கு உயிரித் தொழில்நுட்பத்திலிருந்து தொடங்குகிறது. தடுப்பூசி, மருந்து, நொதிகள், பெட்ரோலில் கலக்கும் எத்தனால், மரபணு மாற்றிய பிடி (Bt) பருத்தி, ஆய்வுச் சேவைகள் எல்லாம் அதில் உண்டு. சாதாரண விவசாயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இதே பெயரில் போடும் கணக்கில் விவசாயம், காடு, மீன்பிடி, உணவு, மரச்சாமான், காகிதம் எல்லாம் சேரும். அதில் வேலை செய்பவர்கள் சுமார் 1.7 கோடிப் பேர் என்று வருவதும், அதில் பெரும்பங்கு விவசாயமும் உணவும் என்பதும் அதனால்தான். இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் முன்னால், யார் பின்னால் என்று பேசுவது சரியில்லை. ஒருவர் மரக்காலில் அளக்கிறார், இன்னொருவர் தராசில் நிறுக்கிறார்.

சரி, எல்லாரும் ஒரே அளவுக்கு வந்துவிட்டால் போதுமா? அதுவும் போதாது என்றுதான் நினைக்கிறேன். பணம் மட்டும் அளவாக இருந்தால் நிலம் எப்படி இருக்கிறது என்று தெரியாது. ஃபின்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டை வைத்தே வளர்ந்த நாடு, 2014-லேயே தனி உயிரிப் பொருளாதாரத் திட்டம் போட்டது. ஆனால் 2021-ல் அதன் காடும் மற்ற நிலங்களும் சேர்ந்த நிலப் பயன்பாட்டுத் துறை உறிஞ்சிய கார்பனை விட வெளியிட்டது அதிகம் என்று அந்த நாட்டுக் கணக்கே சொன்னது. மரம் வெட்டுவது கூடியதும், மரங்களின் வளர்ச்சி குறைந்ததும் முக்கியக் காரணங்கள். விற்பனையை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

நம் ஊரிலும் இதே கதைதான். எத்தனாலுக்கு மக்காச்சோளம் போகத் தொடங்கியதும் விலை ஏறியது. மக்காச்சோளம் விளைத்தவருக்கு அது நல்ல செய்தி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-ல் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. நாமக்கல்லில் கோழித் தீவனச் செலவு கூடியது. டாலர் கணக்கில் எத்தனால் வளர்ச்சி மட்டும் ஏறும். கோழிப்பண்ணைக்காரரின் தீவன பில்லுக்கு அங்கே இடம் கிடையாது.

2024-ல் பிரேசில் தலைமையில் ஜி20 நாடுகள் உயிரிப் பொருளாதாரத்துக்குப் பத்துக் கொள்கைகளை ஏற்றன. அளவீடு வெளிப்படையாகவும் ஒப்பிடக்கூடியதாகவும், அந்தந்த இடத்துக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நான் பிடித்துக்கொள்வது கடைசியில் உள்ள அந்த 'அந்தந்த இடத்துக்கு' என்பதைத்தான். தேசத்துக்கு ஒரு எண் இருக்கட்டும். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு கணக்குத் தாள் கட்டாயம் வேண்டும்.

கிருஷ்ணகிரித் தாளில் என்ன இருக்கணும்? மாங்கூழுக்குப் போகும் பழத்தில் தோலும் கொட்டையும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு சாக்லேட் விதியில், 5 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பும் ஒன்று. அவ்வளவு மதிப்புள்ள பொருள் இங்கே சாலையோரம் குவிந்து ஈ மொய்த்துக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதில் எவ்வளவு உரமானது, எவ்வளவு தீவனமானது, எவ்வளவு வீணானது என்று முதலில் எழுதணும். அப்புறம் போர்வெல்லின் நீர்மட்டம், மண்ணில் உள்ள கரிமச் சத்து, கிலோவுக்கு விவசாயி கைக்கு வந்த காசு. தருமபுரிக்குத் தாள் வேறு மாதிரி இருக்கும். அங்கே மரவள்ளிக் கிழங்கு இருக்கிறது. அதிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலைகளின் திப்பியும் (கிழங்குச் சக்கை) கழிவுநீரும் அதில் வரணும்.

இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டுமா என்று கேட்கலாம். மண் பரிசோதனையும் நீர்மட்டம் பார்ப்பதும் ஏற்கெனவே நடக்கிற வேலைகள். கூழ் ஆலைக்குள் போகும் ஒவ்வொரு லாரியும் எடைமேடையில் ஏறி, சீட்டு வாங்கிக்கொண்டுதான் போகிறது. தோலும் கொட்டையும் ஏற்றிக்கொண்டு வெளியே வரும் லாரியையும் அதே எடைமேடையில் ஏற்றி, அதற்கும் ஒரு சீட்டு போடட்டும். வரும் சீசனிலேயே தொடங்கலாம்.