ஐ.எஸ்.ஓ. சான்று நண்டுச் சதைக்குக் கொடுப்பதல்ல

மண்டபம், பாம்பன் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “ஐ.எஸ்.ஓ. 9001 வாங்கிய கம்பெனியின் நண்டுச் சதையை ஐ.எஸ்.ஓ.வே சோதித்துவிட்டது. சிக்ஸ் சிக்மாவும் இருந்தால் குறையே வராது.” ஐ.எஸ்.ஓ. 9001 என்பது ஒரு நிறுவனம் தரத்தைக் கவனிக்கும் முறைக்கான தரநிலை; சிக்ஸ் சிக்மா என்பது வேலையில் வரும் குறைகளைக் குறைக்கும் ஒரு வழிமுறை. செய்தி சொல்லும் இரண்டும் தவறு.

ஜெனீவாவில் உள்ள ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேச அமைப்பு தரநிலைகளை எழுதுகிறது, அவ்வளவுதான். சான்றிதழ் தருவது வெளித் தணிக்கை நிறுவனங்கள். அதுவும் பொருளுக்கு அல்ல, வேலை நடக்கும் முறைக்கு.

உரிக்கும் கூடத்தில் ஒரு அக்கா சதையை விரலால் தடவி, நகம் அளவு ஓட்டுத் துணுக்கை எடுத்துப் போடுகிறார். இது திருத்தம். அதே மேசையில் தினமும் ஓடு வருகிறதே, கத்தி மழுங்கியதா, வெளிச்சம் போதவில்லையா என்று தேடிக் காரணத்தையே நீக்கினால் அது திருத்த நடவடிக்கை. 9001 இரண்டையும் கேட்கிறது. துணுக்கை மட்டும் பொறுக்கிக்கொண்டே இருந்தால் அந்த அக்காவின் விரல்தான் தேயும். அதுதான் எனக்கு ஆதங்கம்.

சிக்ஸ் சிக்மாவின் இலக்கு பத்து லட்சம் வாய்ப்புகளுக்கு 3.4 குறை. பூஜ்யம் இல்லை.

கிருமிச் சோதனை தனி. வாங்குபவர்கள் அந்தந்தச் சரக்குக்கான ஆய்வக அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.