இணைப்புச்சொல்லைத் தேட வேண்டாம், முற்றுவினையைத் தேடச் சொல்லுங்கள்

பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஆங்கில டியூஷன் எடுக்கிறவன் நான். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கிய வகை கண்டுபிடிக்க நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிற வழி சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்த வழியில் மார்க் வந்துவிடுகிறது, அதனால்தான் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

எந்த கைடைத் திறந்தாலும் மூன்று கட்டம் போட்ட ஒரு பட்டியல் இருக்கும். 'இன் ஸ்பைட் ஆஃப்' வந்தால் சிம்பிள், 'பட்', 'யெட்' வந்தால் காம்பவுண்ட், 'தோ', 'ஆல்தோ' வந்தால் காம்ப்ளெக்ஸ். அடுத்த வரிசையில் 'பிகாஸ் ஆஃப்', 'அண்ட் சோ', 'பிகாஸ்'. பிள்ளைகள் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றி எழுதச் சொல்லும் கேள்விக்கு இந்தப் பட்டியல் உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் வாக்கியத்தைக் கொடுத்து 'இது என்ன வகை, ஏன்?' என்று கேட்டால் அது காலை வாரிவிடும்.

'ஐ நோ யூ ஆர் டயர்ட்' என்று போர்டில் எழுதினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "சின்னதா இருக்கு சார், கனெக்டிங் வேர்டே இல்ல, சிம்பிள்தானே?" இல்லை, அது காம்ப்ளெக்ஸ். 'நோ' ஒரு வினை, 'ஆர்' ஒரு வினை. நடுவில் வரவேண்டிய 'தட்' மறைந்து நிற்கிறது. இதற்கு நேர்மாறாக 'ராம் அண்ட் சீதா வென்ட் டு த ஃபாரஸ்ட்' என்பதைக் காம்பவுண்ட் என்று எழுதுவார்கள், 'அண்ட்' கண்ணில் பட்டுவிட்டதல்லவா! அங்கே இருப்பது ஒரே வினை, எனவே சிம்பிள். 'ஆஃப்டர்' இன்னும் மோசம். 'ஆஃப்டர் லன்ச் வி லெஃப்ட்' சிம்பிள். 'ஆஃப்டர் வி ஏட், வி லெஃப்ட்' காம்ப்ளெக்ஸ். ஜூலியஸ் சீசர் சொன்னதாக வரும் 'ஐ கேம், ஐ சா, ஐ கான்கர்ட்' எந்த இணைப்புச்சொல்லும் இல்லாத காம்பவுண்ட். பட்டியலை மட்டும் நம்பிய பிள்ளைக்கு இவற்றில் ஒன்றுகூடப் பிடிபடாது.

அப்படியானால் எதைத் தேடச் சொல்வது? முற்றுவினையை. எழுவாயோடு சேர்ந்து கருத்தை முடித்துவைக்கிற வினை அது, ஆங்கிலத்தில் ஃபைனைட் வெர்ப் என்று சொல்வது இதைத்தான். தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிய விஷயமே இல்லை. தமிழ் வகுப்பில் முற்று, பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் படித்துவிட்டுத்தான் ஆங்கில வகுப்புக்கு வருகிறார்கள். தனிநிலைத் தொடர், தொடர்நிலைத் தொடர், கலவைத் தொடர் என்ற பிரிவும் தமிழ்ப் பாடத்தில் இருக்கிறது. அடுத்த பீரியடில் ஆங்கில ஆசிரியர் அதை ஒரு வார்த்தைகூடத் தொடுவதில்லை. கையில் இருக்கிற அறிவை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறோம். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

முற்றுவினையைக் கண்டுபிடிக்க நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை எளிது. வாக்கியத்தை நேற்றைக்கு மாற்று. நேற்று நடந்ததாக இருந்தால் இன்றைக்கு மாற்று. எந்தச் சொல் உருமாறுகிறதோ அது முற்று. 'ஹி வான்ட்ஸ் டு கோ' என்பது 'ஹி வான்டட் டு கோ' ஆகிறது. 'கோ' அசையவில்லை, ஆகவே முற்று ஒன்றுதான். 'ஷி ஹேஸ் பீன் வெய்ட்டிங்' என்பதில் மூன்று சொல் இருந்தாலும் 'ஹேஸ்' மட்டும் 'ஹேட்' ஆகிறது, அதுவும் ஒரே முற்று. கொஞ்சம் ஏமாற்றுகிற ஒன்று: 'த கார் பார்க்டு அவுட்சைடு பிலாங்ஸ் டு மை அங்கிள்'. 'பார்க்டு' பார்க்க இறந்தகால வினை மாதிரி இருக்கும். மாற்றிப் பாருங்கள், 'பிலாங்ஸ்' மட்டும்தான் 'பிலாங்ட்' ஆகும். 'பார்க்டு' இங்கே நம் பெயரெச்சம் செய்கிற வேலையைச் செய்கிறது. 'மஸ்ட்' போன்ற சில துணைவினைகளும் ஏவல் வாக்கியங்களும் இந்தச் சோதனைக்கு அடங்காது. அவற்றைத் தனியாகச் சொல்லிவிடலாம்.

அப்புறம் எண்ணிக்கை. முற்று ஒன்று என்றால் சிம்பிள். ஒன்றுக்கு மேல் என்றால், ஒவ்வொரு முற்றும் தன் எழுவாயோடு தனியே நிற்குமா என்று பார்க்க வேண்டும். எல்லாம் நிற்கும் என்றால் காம்பவுண்ட். ஏதாவது ஒன்று இன்னொன்றைச் சார்ந்து நின்றால் காம்ப்ளெக்ஸ். இரண்டும் கலந்து வந்தால் காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ். இந்த நாலாவது வகையைப் பல வகுப்புகளில் பேசுவதே இல்லை, ஆனால் ஆங்கில நாளிதழைத் திறந்தால் ஏராளமாகக் கிடைக்கும்.

நீளத்துக்கும் வகைக்கும் சம்பந்தமில்லை என்று காட்ட நான் எப்போதும் எடுப்பது நம் அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையை. என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகங்கள் பலவற்றின் முன்பக்கங்களிலேயே அச்சாகியிருக்கும். ஆங்கிலத்தில் 85 சொற்கள், முழுவதும் ஒரே வாக்கியம். இது காம்ப்ளெக்ஸாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். சரி, முற்றைத் தேடுவோம். 'வி, த பீப்பிள் ஆஃப் இந்தியா' எழுவாய். அடுத்து 'ஹேவிங் சாலம்ன்லி ரிசால்வ்டு' வருகிறது, அது முற்று இல்லை. 'டு கான்ஸ்டிட்யூட்', 'டு செக்யூர்', 'டு ப்ரமோட்' எதுவும் முற்று இல்லை. சகோதரத்துவம் பற்றிய வரியில் வரும் 'அஷ்யூரிங்' கூட இல்லை. நீதி, சுதந்திரம், சமத்துவம் எல்லாவற்றையும் தாண்டி, 1949 நவம்பர் 26 என்ற தேதியையும் தாண்டிப் போனால்தான் 'டூ' என்று ஒரு சின்னச் சொல் வருகிறது: 'டூ ஹியர்பை அடாப்ட், எனாக்ட் அண்ட் கிவ் டு அவர்செல்வ்ஸ்'. இறந்தகாலத்துக்கு மாற்றினால் 'டூ' மட்டும் 'டிட்' ஆகும், மற்ற மூன்றும் அப்படியே நிற்கும். ஆக ஒரே முற்று, சார்பு வாக்கியம் ஒன்றுகூட இல்லை. 85 சொல் நீளமுள்ள ஒரு சிம்பிள் சென்டென்ஸ்! நாம் நமக்கே இந்தச் சட்டத்தை வழங்கிக்கொள்கிறோம் என்ற செயல் கடைசியில் வந்து விழுவதற்காக எழுவாய் அவ்வளவு தூரம் காத்திருக்கிறது. இதை ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளை அந்தப் பக்கத்தை வேறு மாதிரி படிக்கும்.

சர்ச்சைக்குரிய இடமும் உண்டு. 'ஹி கேம் இன் அண்ட் சாட் டவுன்' என்பதில் எழுவாய் ஒன்று, முற்று இரண்டு. சில இலக்கணப் புத்தகங்கள் இதை சிம்பிள் என்கின்றன, சில காம்பவுண்ட் என்கின்றன. நம் தமிழ்ப் பாடப்படி ஒரு எழுவாய் பல பயனிலை பெற்றால் அது தொடர்நிலைத் தொடர். வகுப்பில் இதைத் தாராளமாக விவாதிக்கலாம். பரீட்சையில் கேட்பதுதான் அநியாயம்.

அமெரிக்காவில் 1877-இல் ரீட், கெல்லாக் என்ற இரண்டு ஆசிரியர்கள் வாக்கியத்தைக் கோடு போட்டுக் காட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். எழுவாயும் வினையும் ஒரு படுக்கைக் கோட்டின் மேல், இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்குக் கோடு. சார்பு வாக்கியத்துக்கு இன்னொரு கோடு, இரண்டையும் சேர்க்கப் புள்ளிக்கோடு. அந்த முறையை முழுசாகப் பின்பற்ற வேண்டாம். ஒரு முற்றுக்கு ஒரு கோடு என்ற அளவில் போர்டில் வரைந்தாலே வாக்கியத்தின் எலும்புக்கூடு பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் எழுத்துத்தான். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்று தமிழில் பெயரெச்சத்தால் முடிகிற இடத்தில், ஆங்கிலம் பெரும்பாலும் தனி எழுவாயும் முற்றும் கேட்கும். அது தெரியாமல்தான் 'மை பிரதர் இஸ் ஒர்க்கிங் இன் துபாய் இஸ் கமிங் டுமாரோ' என்று எழுதுகிறார்கள். இரண்டு 'இஸ்', நடுவில் 'ஹூ' இல்லை. எத்தனை முறை சிவப்பு மையால் சுழித்தாலும் இது போகாது. முற்று இரண்டு வந்தால் அவற்றைச் சேர்க்க ஒன்று வேண்டும் என்று பார்க்கத் தெரிந்த பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.

போர்ஷன் முடிக்க நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். இதற்குத் தனி நேரம் வேண்டாம். அன்றைக்கு நடத்துகிற பாடத்திலேயே ஒரு பத்தியை எடுத்து முற்றுகளுக்கு மட்டும் அடிக்கோடு போடச் சொன்னால் போதும். வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இணைப்புச்சொல் வெளியே தெரியாத ஒரு காம்ப்ளெக்ஸ் வாக்கியத்தையும், 'அண்ட்' இருந்தும் சிம்பிளாக நிற்கிற ஒன்றையும் கொடுத்து, காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். அப்படி ஒரு கேள்வி வந்துவிட்டால் கைடுகளும் பட்டியலைத் தாண்டி எழுத ஆரம்பிக்கும்.