உண்ணிக்காய்ச்சல் மாட்டு உண்ணியால் வருவதல்ல

"உண்ணிக்காய்ச்சல் நாய், மாட்டு உண்ணியால் வருகிறது, தொட்டால் ஒட்டும், மருந்தே கிடையாது" என்று கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. மூன்றும் தவறு.

ஸ்க்ரப் டைபஸ் எனும் இக்காய்ச்சலைப் பரப்புவது புதரிலும் புல்லிலும் இருக்கும் சிகர் என்ற மிகச்சிறிய இளம்பூச்சி. ஆளுக்கு ஆள் பரவாது. மழைக்காலத்துக்குப் பின் கடும் காய்ச்சல், தலைவலி வந்தால் அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பின் அடிப்பகுதியைப் பாருங்கள். சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அதனால்தான் பலரும் கவனிப்பதில்லை. பொருக்கு இல்லாமலும் இந்நோய் வரும்.

அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்து இதற்குப் பயன்படாது. மருத்துவர்கள் பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதுவது டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாள், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். உடனே தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.