10,000 ஏக்கரை விட்டுக்கொடுத்த ஓர் எல்லை மாற்றம்

நாட்டின் எல்லைக்கோடு மாறவே கூடாதது என்றும், அதில் ஓர் அங்குலம் குறைந்தாலும் மானக்கேடு என்றும் நம்மில் பலர் உளமார நம்புகிறோம். ஆனால் 2015 ஜூலை 31 நள்ளிரவில் இந்தியாவின் எல்லை மாறியது. வங்கதேசத்துக்குள் சிதறிக் கிடந்த 111 இந்திய நிலத்துண்டுகள், ஏறத்தாழ 17,160 ஏக்கர், அந்நாட்டுக்குச் சென்றன. இந்தியாவுக்குள் இருந்த 51 வங்கதேசத் துண்டுகள், ஏறத்தாழ 7,110 ஏக்கர், நம்மிடம் வந்தன. கணக்குப் பார்த்தால் நமக்கு 10,000 ஏக்கருக்கு மேல் இழப்பு. அப்படியிருந்தும், சுதந்திர இந்தியா செய்த எல்லை மாற்றங்களில் இதுவே மிக நேர்மையானது என்பது என் கருத்து.

சிட்மஹால் என்று வங்காளிகள் அழைக்கும் இத்துண்டுகள், இன்றைய மேற்கு வங்காளத்தின் வடபகுதியிலுள்ள கூச் பிஹாரின் மன்னரும், இன்று வங்கதேசத்திலுள்ள ரங்பூரின் முகலாய அதிகாரியும் ஊர்களைப் பணயம் வைத்துச் சூதாடியதால் உண்டானவை என்று ஒரு கதை உண்டு. உண்மையில் 1713-இல் முகலாயரோடு ஏற்பட்ட சமாதானத்துக்குப் பின், இரு தரப்பிலும் சிலர் தாங்கள் பிடித்து வைத்திருந்த நிலங்களை விடாமலிருந்ததன் எச்சமே இவை. மன்னராட்சிக் காலத்தில் இதனால் குடிமக்களுக்குப் பெரிய தொல்லை இல்லை; வரியை யாரிடம் கட்டுவது என்பதில் மட்டுமே வேறுபாடு. 1947-இல் எல்லை வகுக்க அமர்த்தப்பட்ட பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் ஐந்தே வாரங்களில் வங்காளத்தையும் பஞ்சாபையும் பிரித்தபோது, சமஸ்தானமான கூச் பிஹார் அவருடைய பொறுப்பில் வரவில்லை. 1949-இல் அது இந்தியாவோடு இணைந்ததும், பழைய வரிக்கணக்கு சர்வதேச எல்லையாகிவிட்டது. தஹாலா கக்ராபாரி என்ற சணல் வயல் இரண்டு ஏக்கர்கூட இல்லை. அந்த இந்திய வயலைச் சூழ்ந்து வங்கதேச நிலம், அதைச் சூழ்ந்து இந்திய நிலம், அதையும் சூழ்ந்து வங்கதேசம்.

வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டில் பிறந்தவர் சட்டப்படி இந்தியர். ஆனால் இந்தியாவுக்கு வரக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும். அவற்றுக்கு விண்ணப்பிக்கப் புறப்பட்டால் முதலில் அனுமதியின்றி அயல்நாட்டு மண்ணை மிதிக்க வேண்டும். மிதித்த கணமே அவர் குற்றவாளி. மேற்கு வங்காளத்தின் தின்ஹாட்டாவை ஒட்டிய மஷால்டாங்கா போன்ற வங்கதேசத் துண்டுகளில், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்காகப் பக்கத்து இந்திய ஊர்க்காரர் ஒருவரைத் தகப்பன் என்று எழுதிக் கொடுப்பார்கள். பிரசவத்துக்கு மருத்துவமனை செல்லும் பெண், வேறொருவர் பெயரைக் கணவர் பெயராகச் சொல்ல வேண்டியிருந்தது. பெற்ற தகப்பனின் பெயரைச் சான்றிதழில் காண முடியாத பிள்ளைகள் ஒரு தலைமுறை முழுக்க வளர்ந்தார்கள் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

தீர்வு நெடுங்காலமாகக் கையில்தான் இருந்தது. வங்கதேசம் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த 1958-இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் துண்டுகளை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். அதே உடன்பாட்டில் எல்லையோரப் பகுதியான பெருபாரியைப் பாதியாகப் பிரிப்பதற்கு மேற்கு வங்காளத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. இந்திய நிலத்தை அயல்நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சாசனத் திருத்தம் தேவை என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1974 மே 16 அன்று இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் மீண்டும் கையெழுத்திட்டார்கள். வங்கதேசம் அந்த ஆண்டிலேயே ஒப்புதல் அளித்தது. நமக்கு 41 ஆண்டுகள் ஆயின. 2013-இல் மசோதாவை எதிர்த்த கட்சிகளே 2015-இல் ஆதரித்து, ஓர் எதிர்வாக்குகூட இல்லாமல் 100-ஆவது திருத்தம் நிறைவேறியது. அந்த ஒருமித்த வாக்கு முன்பே கிடைத்திருந்தால், எத்தனையோ பிள்ளைகள் தம் சொந்தத் தகப்பன் பெயரோடு படித்திருப்பார்கள். மண்ணை விட்டுக்கொடுப்பதைத் துரோகம் என்று முழங்குவோர், மக்களை நாடற்றவர்களாக விட்டுவைத்ததற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

அதே 1974-இல், அடுத்த மாதமே, இலங்கையோடு கச்சத்தீவு ஒப்பந்தமும் கையெழுத்தானது. அங்கே சாசனத் திருத்தம் இல்லை. உரிமை முடிவாகாத பகுதியில் எல்லை வரையப்பட்டதே தவிர நிலம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்பது மத்திய அரசின் வாதம். அந்தக் கடலில் தலைமுறைகளாக வலை வீசிய ராமேஸ்வரம் மீனவர்களை யாரும் கேட்கவில்லை.

சிட்மஹால்களில் தாமதமாகவேனும் மக்களைக் கேட்டார்கள். 2011-இல் இரு நாடுகளும் சேர்ந்து எடுத்த கணக்கில் அங்கு சுமார் 51,000 பேர் இருந்தனர். எந்தக் குடியுரிமை வேண்டும் என்று 2015-இல் அவர்களிடமே கேட்கப்பட்டது. வங்கதேசப் பக்கமிருந்து இந்தியாவுக்கு வரப் பெயர் கொடுத்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு; இந்தியப் பக்கமிருந்து வங்கதேசம் செல்ல ஒருவர்கூட விரும்பவில்லை. பெரும்பாலோர் தாம் உழுத நிலத்தோடே இருந்துவிட்டார்கள்.

ஆனால் கேட்டதோடு அரசின் கடமை முடிந்துவிடவில்லை. இந்தியாவை நம்பி வந்த குடும்பங்கள் தின்ஹாட்டா, மெக்லிகஞ்ச், ஹல்திபாரி முகாம்களின் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. அங்கே விட்டுவந்த நிலத்தை முறையாக விற்கப் பலருக்கு வழியில்லாமல் போனது. இந்தியாவோடு சேர்ந்த துண்டுகளில் இருந்தவர்களுக்கு நில உரிமை வழங்கவும் மேற்கு வங்கச் சட்டமன்றம் 2018-இல்தான் சட்டத்தைத் திருத்தியது. வீடும் பட்டாவும் எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்பதை, எல்லை மாறும் தேதியைக் குறித்த அன்றே எழுத்தில் குறித்திருக்க வேண்டும்.