போப் வாய் திறந்தாலே வழுவா வரமா?

சனிக்கிழமை இரவு எங்கள் கோவில் பங்கின் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். திருத்தந்தை (போப்) விமானத்தில் பத்திரிகையாளர்களிடம் சொல்லும் ஒரு கருத்தோடு கத்தோலிக்கர் உடன்படாமல் இருக்கலாம் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். "அப்ப நீங்க எந்தச் சபைக்குப் போறீங்க பிரதர்?" என்றார் ஒருவர். இன்னொருவர் எனக்காகச் செபிப்பதாகச் சொன்னார். கடைசியில் அட்மின் என்னை நீக்கியே விட்டார். அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப்போட்டு, போப் சொன்னால் பூமி தட்டை என்றாலும் ஆமென் போடும் கூட்டம் என்று வெளியே ஒரு நண்பர் சிரிக்கிறார். நீக்கியவரும் சிரித்தவரும் நம்புவது ஒன்றையேதான், அதுதான் வேடிக்கை: போப் வாய் திறந்தாலே வழுவா வரம், அதாவது அவர் சொல்வது எதுவும் தவறாகாது.

இல்லை சாமி. இல்லவே இல்லை.

1870 ஜூலை 18 அன்று முதலாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகெங்குமிருந்து ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய கூட்டம், என்ன சொன்னது? எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மேய்ப்பர், போதகர் என்ற பொறுப்பில் நின்று, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை முழுத் திருச்சபையும் ஏற்க வேண்டும் என்று திருத்தந்தை அறுதியாக அறிவிக்கும்போது வழுவமாட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு திருத்தந்தை இப்படி முறைப்படி பிரகடனம் செய்த கோட்பாடு ஒன்றே ஒன்று, 1950-இல் பன்னிரண்டாம் பயஸ் அறிவித்த மரியாவின் விண்ணேற்பு. பேட்டி, ட்வீட், யாரை எங்கே ஆயராக்குவது, எந்த அரசோடு ஒப்பந்தம் போடுவது, எதுவும் இதில் சேராது. திருச்சபைச் சட்டம் 749 இன்னும் கறார்: வழுவாமல் வரையறுக்கப்பட்டது என்பது வெளிப்படையாகத் தெரியாவிட்டால், எதையும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தச் சங்கத்திலேயே ஜூலை 13 வாக்கெடுப்பில் 88 பேர் எதிர்த்தார்கள். திருத்தந்தையின் முகத்துக்கு நேரே 'இல்லை' சொல்ல மனமில்லாமல் பலர் இறுதி நாளுக்கு முன்பே ரோமைவிட்டுக் கிளம்பிவிட, கடைசி வாக்கு 533-க்கு 2. அந்த 88 பேரை யாரும் குரூப்பிலிருந்து தூக்கவில்லை. "பிறகு எல்லா ஆயர்களும் ஏற்றுக்கொண்டார்களே" என்பீர்கள். நானும்தான் ஏற்கிறேன், ஐயா! அதில் இருப்பதை ஏற்கிறேன். இல்லாததை எப்படி ஏற்பது?

மறைக்கல்வி வகுப்பில் ஒருமுறை, கான்ஸ்டன்ஸ் சங்கம் கூடிய 1414-இல் ஒரே நேரத்தில் மூன்று பேர் போப் என்று உரிமை கொண்டாடினார்களே, அதில் யார் சொன்னதைக் கேட்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன். பூசை மணி அடிக்கும்வரை வெளியே முழங்கால். தினமும் பூசை தவறாத அப்பா திட்டுவார் என்று பயந்து போனால், "முதல் போப் பேதுருவையே பவுல் நேருக்கு நேர் கண்டிச்சாரேடா, கலாத்தியர் ரெண்டாம் அதிகாரம் எடுத்துப் படி" என்றார். அப்பாவையும் இந்த அட்மின் நீக்கியிருப்பார்.

அப்புறம், ஹொனோரியுஸ். ஒரு திருத்தந்தை. இறந்து பல வருடம் கழித்து, 681-இல், தவறான போதனைக்கு இடங்கொடுத்து அவர் எழுதிய கடிதத்துக்காக மூன்றாம் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் அவரைச் சபித்தது. அந்தச் சங்கத்தை உறுதிப்படுத்தியவரும் ஒரு திருத்தந்தைதான், இரண்டாம் லியோ. "அது வெறும் கடிதம், அதிகாரப்பூர்வ வரையறை இல்லை" என்று உடனே வருவீர்கள். ஆகா! சனிக்கிழமை நான் சொன்னதும் அதேதானே?

இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடான 'மக்களின் ஒளி'யின் 25-ஆம் எண்ணைக் காட்டி, வரையறுக்காத போதனைக்கும் பணிவு வேண்டும் என்று ஒருவர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். வேண்டும்தான். விமானப் பேட்டிக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று அவரே யோசிக்கட்டும்.

ஆனால் "எதிரிகளுக்கு ஆயுதம் கொடுக்கிறாய்" என்கிறார்களே, அதுதான் வலிக்கிறது. இந்தக் கோவிலில்தான் ஞானஸ்நானம், திருமணம், அப்பாவின் அடக்கப் பூசை எல்லாம். நான் எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறேனா? உள்ளே இருப்பவன் கேட்டால் துரோகம், வெளியே இருப்பவன் சிரித்தால் வேதகலாபனை (மதத் துன்புறுத்தல்). நல்ல வசதி.

உண்மையில் இவர்களுக்கு ரோமைப் பற்றிக் கவலையே இல்லை. மேலே ஒருவர் வழுவாதவர் என்றால் கீழே வரிசையாக எல்லோரும் வழுவாதவர் ஆகிவிடலாம். ஆலய விழா வரவு செலவைக் கேட்டபோதும் இதே பேச்சுதான்: "ஃபாதரை எதிர்த்துப் பேசாதீங்க, சாபம்." பங்குத்தந்தைக்கு எந்தச் சங்கம் வழுவா வரம் கொடுத்தது? திருச்சபையின் நன்மை பற்றிய தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில நேரம் அது கடமையும்கூட என்று சட்டம் 212 சொல்கிறது. குரூப்பில் இடம் இல்லையென்றால் பரவாயில்லை, பங்குப் பேரவைக் கூட்டம் வருகிறது. பந்தல் செலவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.