வால்வில் வைத்த கை
ஒரு குறும்படத்தில் வரும் காவலரின் தயக்கம் நம்பும்படி இல்லை என்று ஒரு கட்டுரை குறை சொல்லியிருந்தது. அந்தப் படத்தை நேற்று ராத்திரி காரைக்குடி வீட்டில் அப்பாவோடு பார்த்தேன். இயந்திரம் உத்தரவிட்டதும் ஒரு குடியிருப்புக்கே தண்ணீரை நிறுத்த வேண்டிய காவலர், வால்வில் கை வைத்தபடி நிற்கிறாரே, அந்த இடத்தில் அப்பா எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். லைன்மேனாக இருந்தவர். பில் கட்டாத ஒரு வீட்டில், பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே பீஸ் கட்டையைப் பிடுங்கியதை இன்றும் சொல்வார். "வேலைதான். ஆனா அந்தப் பிள்ளை என்னையே பார்த்துச்சுப்பா."

அந்தக் காவலரின் தயக்கம் நம்பும்படி இல்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இயந்திரம் சொன்னதற்கு உடனே பணியாதவர்கள் நிஜத்திலும் உண்டு. 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் கருவி அலறியபோதும், சோவியத் அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அது தவறான எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குச் சொன்னார். படத்தில் வால்வில் இருந்த அந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம்.